தராசுக்குப் பின்னால் நின்ற வரிசை

பாடாங் மேஹா,
நோன்பு பிறந்த முதல் வாரம்.

அன்பு மகள் யோகேஸ்வரிக்கு, அப்பா பரஞ்சோதி சொல்ல எழுதியது.

இங்கே நான் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க முனியாண்டி துணையிருப்பார். கால் வீக்கம் வற்றிவிட்டது. நீ வாங்கிக் கொடுத்த மாத்திரை இன்னும் தீரவில்லை. அதைக் கேட்டு போன் செய்ய வேண்டாம்.

எழுதுகிறவர் ஜைனல் பாய். நோன்பு மாதம் என்பதால் பகலில் அவர் சாப்பாட்டுக் கடை மூடியிருக்கிறது. நாற்காலிகளையெல்லாம் மேசைமேல் கவிழ்த்துவிட்டு, எனக்காக ஒரே ஒரு மேசையை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால், “அண்ணே, நான் நோன்பு. உங்க கோவத்த எழுதினா என் நோன்பு போயிரும்லா, தணிச்சு சொல்லுங்க” என்கிறார். இந்தக் கடிதத்தில் சூடு குறைவாக இருந்தால் அது அவர் வேலை என்று தெரிந்துகொள்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் மீட்டிங் இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தையும் பாதியில் வைக்கலாம். ஆனால் மீதி அங்கேயே கிடக்கும்.

போன வெள்ளிக்கிழமை வந்திருந்தபோது சாப்பிட்டுக்கொண்டே ஒரு விஷயம் சொன்னாய். அலோர் ஸ்டாரில் உங்கள் இலாகா பழைய கட்டடத்தைக் காலி செய்கிறது என்றும், கீழ்த்தள அறை நிறைய அரசாங்கம் போட்ட புத்தகங்களின் ஃபைல்கள் கிடக்கின்றன என்றும் சொன்னாய். புத்தகங்கள் அல்ல, புத்தகம் உருவான காகிதங்கள். எழுதிக் கொடுத்த படி, திருத்தின புரூஃப், போட்டோவின் நெகடிவ், போட்டோவில் இருப்பவர் யார் யார் என்று டைப் அடித்த தாள், அச்சகத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து. இவற்றை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்று விதி எழுதும் வேலை உன்னிடம் வந்திருக்கிறது. “புத்தகம்தான் இருக்கேப்பா. வெளிவந்து ரெண்டு வருசம் வச்சிருந்துட்டு அழிச்சிரலாம்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் அப்படித்தான் எழுதப்போறேன்” என்றாய். லோரிகூடப் பேசியாகிவிட்டதாம். பெருநாள் கழிந்ததும் வந்து அள்ளிக்கொண்டு போகுமாம்.

நான் அப்போது மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன். உன் கார் செம்பனைத் தோட்டத்துப் பக்கம் திரும்பி மறைந்த பிறகுதான், அரசாங்கம் போட்ட அந்தப் பிள்ளை வளர்ப்புப் புத்தகம் எனக்கு ஞாபகம் வந்தது.

குணசுந்தரியின் கதை உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் நீ என் மகள் இல்லை, கவுண்டரில் இருக்கிற அதிகாரி என்று வைத்துக்கொண்டு முதலிலிருந்து சொல்கிறேன்.

என் பக்கத்து வீட்டில் இருக்கும் குணசுந்தரி இந்தத் தோட்டத்தில் பிறந்தவள். இங்கேயே ரப்பர் பால் வெட்டி, களைக்கு மருந்தடித்து, இடுப்பு தேய்ந்து உட்கார்ந்துவிட்டவள். வயது அறுபது தாண்டிவிட்டது. கையில் இருப்பது சிவப்பு ஐசி. அந்த அட்டைக்கு இங்கே இருக்கலாம், குடியுரிமை இல்லை. பிறப்புப் பத்திரம் கிடையாது. அவள் அம்மா சின்னராக்கு காய்ச்சலில் போனபோது இவள் தவழ்கிற பிள்ளை. அப்பன் அதற்கு முன்பே தாய்லாந்துப் பக்கம் வேலைக்குப் போய்த் திரும்பாமல் போனான். ஊரார் வளர்த்த பிள்ளை. பெரியவளாகி ஐசி எடுக்கப் போனபோது, பிறந்தது அறுபத்திரண்டாம் வருடம் என்று கூடப் போனவர்கள் சொல்லிவிட்டார்கள். மாதமும் நாளும் சொல்ல ஆளில்லை. நான் அந்தச் சமயம் பஹாங்கில் காட்டு வேலையில் இருந்தேன். இருந்திருந்தால் தை மாதம் என்று சொல்லியிருப்பேன். குமாஸ்தா யோசித்துப் பார்த்துவிட்டு வருடத்தின் கடைசி நாளைப் போட்டுக் கொடுத்துவிட்டார். டிசம்பர் முப்பத்தொன்று.

அந்த ஒரு தேதிதான் இன்று அவளை இறுக்குகிறது. கூலிமில் இருக்கும் வக்கீல் சுகுமாரன் அவள் விஷயத்தைக் கூலி வாங்காமல் பார்க்கிறார். அறுபத்திரண்டு அக்டோபருக்கு முன்பு இந்த மண்ணில் பிறந்திருந்தால் அதுவே போதும், குடியுரிமை உண்டு என்கிறார். அதற்குப் பிறகு என்றால் அப்பா அம்மாவின் காகிதம் வேண்டுமாம். சின்னராக்கிடம் மாற்றுப் புடவையே ஒன்றுதான் இருந்தது, காகிதத்துக்கு எங்கே போவது?

தோட்டம் கைமாறியது உனக்குத் தெரியும். நாங்கள் குடியிருக்கும் லயங்களை இடிக்கப்போகிறார்கள். பழைய தொழிலாளிகளுக்கு ரோட்டோரத்தில் வரிசை வீடு கட்டித் தருகிறார்கள், நீல ஐசி உள்ள குடிமக்களுக்கு மட்டும். பெருநாள் கழிந்த மறு மாதம் பெயர் கொடுப்பது முடிந்துவிடும் என்று ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். என் பெயர் ஏறிவிட்டது. அவள் பெயரை எழுதக்கூட மாட்டேன் என்கிறார்கள்.

இனிப் புத்தகத்துக்கு வருகிறேன். எனக்கு மீசை அரும்பின வயதில் தோட்டத்துக்கு ஒரு ஜீப் வந்தது. போட்டோ பிடிக்கிறவர்கள், கூடவே வெள்ளை உடுப்பில் ஒரு ஆஸ்பத்திரி மிஸ்ஸி. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை உத்தரத்தில் கொக்கித் தராசைக் கட்டச் சொன்னார்கள். கட்டியவன் நான். துணித் தூளியில் பிள்ளையைப் போட்டுத் தொங்கவிட்டு நிறுத்தார்கள். மற்றத் தாய்மார்கள் பின்னால் வரிசையாக நின்றார்கள். முதல் நாள் பெய்த மழையில் தரை நசநசவென்றிருந்தது. மிஸ்ஸியின் வெள்ளைச் சப்பாத்தில் ரப்பர் பால் ஒட்டிக் காய்ந்திருந்தது. போட்டோக்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு “செடிக்கிட், செடிக்கிட்” என்று, கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிக் கையை ஆட்டினார். தராசில் கிடந்த பிள்ளை குணசுந்தரி. இதை நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

புத்தகம் அறுபத்துநான்கில்தான் அச்சாகி வந்தது. அதில் தராசும் பிள்ளையும், பிள்ளையின் முதுகைத் தாங்குகிற இரண்டு கைகளும் மட்டும் இருக்கின்றன. மற்றதை வெட்டிவிட்டார்கள். பெயர் இல்லை. ஆரோக்கியமான குழந்தை என்று கீழே போட்டிருக்கிறதாம். தோட்டத்தில் குணசுந்தரிக்குப் புத்தகப் பாப்பா என்றே பெயர். வருடா வருடம் பங்குனியில் செத்துப்போன அம்மாவுக்குப் படைக்கும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து, அந்த இரண்டு கைகளுக்கும் சந்தனம் வைப்பாள். அம்மாவின் முகம் அவளுக்குத் தெரியாது. அவளிடம் இருப்பது அந்தக் கைகள்தான்.

அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பதிவு இலாகாவுக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். இது யார் பிள்ளை என்று எப்படித் தெரியும் பாக்சிக், புத்தகத்தில் அறுபத்துநான்கு என்றல்லவா இருக்கிறது என்றாள். எனக்குத் தெரியும் என்றேன். சத்தியப் பத்திரம் எழுதி, கைநாட்டு வைத்துக் கொடுத்தேன். ஞாபகம் மட்டும் போதாது என்று திருப்பிவிட்டார்கள். மேல்முறையீடு இன்னும் ஒன்றுதான் பாக்கி.

போட்டோ பிடித்த நாளும் பிள்ளையின் பெயரும் எழுதின தாள் உன் கீழ்த்தள அறையில் இருக்க வேண்டும் அம்மா. அதைத் தேடிப் பார். அதுவரை இரண்டு வருடம் என்று எழுதிவிடாதே.

இடது பெருவிரல் வைத்து,
உன் அப்பா.


பாடாங் மேஹா,
நோன்பு பாதி கழிந்த ஞாயிறு.

அன்பு மகளுக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

உன் பதில் வந்தது. ஜைனல் பாய் படித்தார். படிக்கப் படிக்க அவர் குரல் இறங்கிக்கொண்டே போனதில், நீ எவ்வளவு கோபமாக எழுதியிருக்கிறாய் என்று எனக்குப் புரிந்துவிட்டது. சில வரிகளை விழுங்கிவிட்டார் என்றும் சந்தேகம். கேட்டால், “எழுத்து சரியா தெரியலண்ணே” என்கிறார். நேற்று வரை உன் கையெழுத்தை முத்து முத்தாக இருக்கிறது என்று புகழ்ந்தவர்.

நீ எழுதினது நியாயம். விதி எழுதுகிறவள், அப்பா கேட்டார் என்று ஒரு ஃபைலை மட்டும் போய்த் தேடி எடுத்தால் நாளைக்கு உன் விதியை யார் மதிப்பார்கள்? என் கடிதத்தை நீ உன் மேலதிகாரி ஐமனிடம் காட்டினாய் என்று கேட்டபோது எனக்கு முதலில் முகம் சுண்டிப்போனது. பிறகு யோசித்தேன். மறைத்திருந்தால்தான் தப்பு. விதியை நீயே எழுது, தேடுகிற வேலையை உங்கள் ஆபீசில் இருக்கும் அகீலா செய்யட்டும், கேட்கிறவர் எல்லாரையும் போல வக்கீல் மூலமாகக் கேட்கட்டும் என்று அவர் சொன்னதும் சரிதான். சுகுமாரன் அன்றைக்கே எழுத்தில் கேட்டு அனுப்பிவிட்டார்.

ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தாய். அறுபதுகளின் பெட்டிகள்தான் லோரியில் ஏறப்போகிற முதல் லாட்டாம். கயிறு கட்டி, படிக்கட்டுக்குக் கீழே அடுக்கியாகிவிட்டதாம். போன வாரத்து மழையில் கூரை ஒழுகி இரண்டு பெட்டிகள் நனைந்துவிட்டன என்றும் எழுதியிருந்தாய். எந்த இரண்டு என்று எழுதவில்லை. நீ அதற்கெல்லாம் பதில் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும். இங்கே மழை இருட்டினால் அங்கேயும் இருட்டுமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எத்தனை வருடம் வைக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்று சவால் விட்டிருந்தாய். ஒருத்திக்காக விதி எழுத முடியாது, எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் இடமில்லை, கறையான் தின்கிறது, குப்பைக்குள் கிடந்தால் வேண்டியதும் அகப்படாது, தாளின் கனத்தைப் பற்றி அச்சகத்துக்காரன் எழுதின கடிதத்தை யாருக்காகக் காப்பது என்று கேட்டிருந்தாய். நானும் ஜைனல் பாயும் இதற்காக ஒரு பகல் முழுக்கச் சண்டை போட்டோம்.

போட்டோவில் இருப்பவர்கள் உயிரோடு இருக்கும்வரை வைக்கட்டும் என்று எழுதச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “யாரு இருக்கா, யாரு போயிட்டான்னு எப்படிண்ணே தெரியும்? உங்க மக தோட்டம் தோட்டமா சாவு வீட்ட எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கணுமா?” என்றார். சரி, நூறு வருடம் என்றேன். “எல்லாத்துக்குமா? பஸ் நேரம் போட்டு ஒரு புத்தகம் விட்டாங்களே, அந்த பஸ்ஸே இப்ப இல்ல. அதுக்கும் நூறா?” என்று மடக்கினார். பசியில் மனிதருக்கு நாக்கு கூர்மையாகிவிடுகிறது. கடைசியில் நான் சொன்னேன், மனிதர்கள் இருக்கிற காகிதத்துக்கு ஒரு கணக்கு, மனிதர்கள் இல்லாத காகிதத்துக்கு வேறு கணக்கு என்று. பெயர், முகம், கைநாட்டு உள்ள தாளையும் வெட்டுவதற்கு முன்பிருந்த முழுப் படத்தையும், அந்தப் படத்தில் இருக்கும் ஆகச் சின்னப் பிள்ளை வாழ்ந்து முடிகிற காலம்வரை வையுங்கள். அச்சகத்துக்காரன் கடிதத்தில் வடை மடித்துத் தின்றாலும் நான் கேட்கமாட்டேன். ஜைனல் பாய் இதைக் கேட்டுவிட்டு, “இது பரவால்லலா” என்று பேனாவை எடுத்தார்.

இதில் ஓட்டை இருக்கும். நான் படித்தவன் இல்லை. ஓட்டையை நீ அடைத்துக்கொள்.

குணசுந்தரி எதையும் கேட்பதில்லை. கேட்டாலாவது பதில் சொல்லலாம். வாசலில் நின்ற கறிவேப்பிலைக் கன்றைப் பெயர்த்து எண்ணெய்த் தகரத்தில் வைத்திருக்கிறாள். எங்கே கொண்டு போகப்போகிறாய் என்றேன். “வீடு கெடச்சா அங்க. இல்லாட்டி உங்க வாசல்ல வச்சிக்குங்க மாமா” என்றாள். நீயும் என்னோடு வந்து இரு என்றேன். “அடுத்தவங்க வீட்ல ஒண்டிக்கவா இத்தன வருசம் மழையில நனைஞ்சேன்?” என்று சொல்லிவிட்டுத் தகரத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள்.

எதிர் லயத்தில் ஆள் காலி செய்த வீடுகளின் கதவுகளைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். கோழிகள் உள்ளே போய் முட்டையிடுகின்றன.

அகீலா யார், எப்படிப்பட்ட பிள்ளை என்று எனக்குத் தெரியாது. நனைந்த பெட்டி என்று அருவருப்பு பார்க்காமல் பிரித்துப் பார்க்கச் சொல். அதைச் சொல்வதுகூட உன் வேலைக்கு ஆகாது என்றால் சொல்ல வேண்டாம். கும்பிட்டுக்கொள்கிறேன்.

விரல் வைத்து,
அப்பா.


பாடாங் மேஹா,
பெருநாளுக்கு முன்.

அன்பு மகளுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போன வாரம் நான் போனை எடுக்காததற்கு நீ வேறு காரணம் நினைத்திருப்பாய். யாரோடும் பேச வாய் வரவில்லை. அவ்வளவுதான்.

உங்கள் இலாகாவின் பதில் சுகுமாரன் கைக்கு வந்துவிட்டது. அவரே நேரில் வந்து, ஜைனல் பாய் கடையில் உட்கார்ந்து படித்தார். ஃபைல் கிடைத்திருக்கிறது. நனைந்த பெட்டிதான். ஓரமெல்லாம் பூஞ்சை பிடித்திருக்கிறதாம், ஆனால் டைப் அடித்த தாள் வாசிக்கும்படி இருக்கிறதாம். போட்டோ பிடித்தது அறுபத்திரண்டு மே மாதம். மே என்றதும் நான் மேசையைத் தட்டினேன். அக்டோபருக்கு முன்புதானே, நான் சொன்னேனா இல்லையா என்று ஜைனல் பாயைப் பார்த்தேன். சுகுமாரன் கையைக் காட்டி, இருங்கள் ஐயா என்றார்.

தராசில் இருக்கும் குழந்தை லோகேஸ்வரன். தாங்கிப் பிடித்திருப்பவர் அவன் தாயார். பின்னால் நிற்கும் வரிசையில் சின்னராக்கு. கர்ப்பிணி, எட்டாம் மாதம்.

இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தார். அதுவேதான்.

நீ இதை எனக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன்னால் முடியாது என்று தெரியும். தெரிந்தும் அன்று உன்மேல் கோபம் வந்தது. யார்மேலாவது வர வேண்டியிருந்தது.

யார் வீட்டுக் கல்யாணம் எந்த வருடம், யார் எந்தக் காட்டில் மரம் வெட்டினார்கள் என்று தோட்டத்தில் சண்டை வந்தால் என்னிடம்தான் வருவார்கள். கம்ப்யூட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜைனல் பாய், “கம்ப்யூட்டர்ல தண்ணி பூந்துருச்சு போலண்ணே” என்றார். நான் அவரைப் பார்த்த பார்வையில் எழுந்து போய்த் தண்ணீர்ப் பானையை மூடுவது போல எதையோ செய்துகொண்டிருந்தார்.

திரும்பி வந்தவரும் அவர்தான், விஷயத்தைப் பிடித்தவரும் அவர்தான். மே மாதம் எட்டு மாதக் கர்ப்பம் என்றால் ஜூனில் பெற்றிருப்பாள், மிஞ்சினால் ஜூலை. அதே சின்னராக்கு அதே வருடம் டிசம்பர் கடைசியில் இன்னொரு பிள்ளை எப்படிப் பெறுவாள் என்று வக்கீலையே கேட்டார். சுகுமாரன் சிரித்துவிட்டார். அதைத்தான் எழுதப்போகிறேன், குமாஸ்தா போட்ட தேதி நிற்காது, இதற்கு யார் ஞாபகமும் தேவையில்லை என்றார். அந்தக் கடைசி வார்த்தையை அவர் என்னைக் குத்த வேண்டுமென்று சொல்லவில்லை.

ஆனால் நான் கைநாட்டு வைத்த சத்தியப் பத்திரம் ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது. தராசில் இருப்பது குணசுந்தரி என்று அது சொல்கிறது. இந்தத் தாள் இல்லை என்கிறது. இரண்டும் ஒரே மேசைக்குப் போனால் இரண்டையும் சேர்த்துத் தூக்கிப் போடுவார்கள், நாமே முந்திக்கொண்டு திருத்த வேண்டும் என்றார் வக்கீல். கூலிமுக்குப் போனேன். சத்தியம் வாங்குகிற அதிகாரி சீனர், வயதானவர். முன்பு சொன்னது சரியா, இப்போது சொல்வது சரியா அங்கிள் என்று கேட்டார். தாளில் இருப்பது சரி என்று சொல்லி விரலை மையில் வைத்தேன். அந்த மை இன்னும் நகக்கண்ணில் இருக்கிறது.

இதெல்லாம் கஷ்டமில்லை. குணசுந்தரியிடம் சொல்வதுதான் கஷ்டம். பங்குனிப் படையல் நெருங்கியிருந்தது. நான் போனபோது அவள் படையலுக்கு எடுத்துவைத்த பித்தளைத் தட்டைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். புத்தகம் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைக்குள். உட்காரச் சொன்னாள். உட்காராமலே சொன்னேன். தராசில் இருப்பது நீ இல்லை அம்மா.

அவள் துலக்குவதை நிறுத்தவில்லை. அப்படியானால் அந்தக் கைகள் யாருடையவை என்று கேட்டாள். லோகேஸ்வரனின் அம்மா கை என்றேன். அந்தக் குடும்பம் எங்கே என்றாள். அந்த அம்மா பெண்டாங்கில், மகனோடு இருக்கிறார், படுக்கையில்தான், ஆனால் இருக்கிறார் என்றேன். அப்போதுதான் தட்டு அவள் கையிலிருந்து நழுவியது. “ஐயோ மாமா, உசுரோட இருக்கறவங்களுக்கா நான் இத்தன வருசமா படைச்சேன்?” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். (ஜைனல் பாய் இந்த இடத்தில் தன் கருத்தையும் எழுத வேண்டும் என்கிறார். அதனால்தான் அந்த அம்மா தொண்ணூறைத் தொட்டும் திடமாக இருக்கிறாராம். எழுதியாகிவிட்டது.)

உன் அம்மா பின்னால் வரிசையில் நிற்கிறாள், முழுசாக நிற்கிறாள், புத்தகத்துக்காக வெட்டிவிட்டார்கள், ஆனால் ஃபைலில் வெட்டாத படம் இருக்கிறது என்றேன். நீயும் அதில் இருக்கிறாய், வயிற்றுக்குள் என்றேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். வீட்டைப் பற்றிக் கேட்பாள், ஐசி கிடைக்குமா என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது, “அம்மா என்ன மாதிரி இருப்பாங்க மாமா?” என்று.

எனக்குத் தெரியும் யோகேஸ்வரி. சின்னராக்கின் மூக்கு, அவள் கொண்டை போடுகிற விதம், வெற்றிலையை எந்தப் பக்கம் அடக்குவாள் என்பது எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதே நாக்குதான் தராசில் கிடந்த பிள்ளையையும் சொன்னது. போட்டோ வரட்டும் அம்மா, நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

லோகேஸ்வரனுக்கு ஆள் அனுப்பினோம். அவன் காரிலேயே வந்து எங்களைப் பெண்டாங்குக்குக் கூட்டிப் போனான். லோரி ஓட்டி ரிட்டயர் ஆன ஆள், தொந்தியும் தொப்பியுமாக இருக்கிறான். தானே ஆரோக்கியமான குழந்தை என்று தெரிந்ததிலிருந்து தரையில் கால் பாவவில்லை. அவன் அம்மாவுக்குச் சில நேரம் அவன் பெயரே வருவதில்லையாம். தராசு, மிஸ்ஸி, ஜீப் எதுவும் அவருக்கு நினைவில்லை. நாங்கள் சாட்சி கேட்கவும் இல்லை. குணசுந்தரி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். யாரு பெத்த பிள்ளை என்று அந்த அம்மா கேட்டார். சின்னராக்கு மகள் என்றாள். எந்த சின்னராக்கு என்று கேட்டார்.

இந்த வருடப் படையலில் அவள் புத்தகத்தைத் திறந்து வைக்கவில்லை. சுவரோரம் வெறும் பலகையை வைத்து, நடுவில் இடம் விட்டு, சந்தனத்தைக் குழைத்துக் கிண்ணத்தில் அப்படியே வைத்திருந்தாள். போட்டோ வந்ததும் வைக்கிறேன் என்றாள். நெகடிவில் பூஞ்சை இருப்பதால் சுத்தம் செய்துதான் பிரதி எடுக்க முடியும், நாளாகும் என்று உங்கள் பதிலில் இருக்கிறது. பதிவு இலாகாவும் இன்னும் வாய் திறக்கவில்லை. சுகுமாரன் கிடைக்கும் என்கிறார், ஆனால் சொல்லும்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொல்கிறார். கறிவேப்பிலை தகரத்திலேயே துளிர்விட்டுவிட்டது.

பெருநாள் கழிந்த வியாழக்கிழமை உங்கள் குழு கூடுகிறது என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு என் பெயரைச் சொல்ல வேண்டாம். குணசுந்தரியின் பெயரையும் சொல்ல வேண்டாம். முதல் கடிதத்தில், என் பேச்சை மெய்யாக்கத் தாள் வேண்டும் என்றுதான் கேட்டேன். மெய்யாக்கவில்லை. அந்த லோரி போன வருடமே வந்திருந்தால் நான் சாகும்வரை சரியாகச் சொன்னவனாக இருந்திருப்பேன், அவள் டிசம்பரில் பிறந்தவளாகவே இருந்திருப்பாள். இதை மட்டும் நீ உன் மனதில் வைத்துக்கொண்டு எழுது. எத்தனை வருடம் என்று நான் இனிச் சொல்லவில்லை.

உங்கள் பதிலில் சின்னராக்கையும் லோகேஸ்வரனையும் தவிர மற்றப் பெயர்களை எழுதவில்லை. கேட்காதவற்றைச் சொல்லக் கூடாது என்பது முறையாம், இருக்கட்டும். அந்த வரிசையில் வேறு யார் யார் நின்றார்கள் என்று எனக்கு இப்போதும் வரிசையாகக் கண்முன் தெரிகிறது. ஒருத்தி இடுப்பில் குடத்தோடு நின்றாள். ஒருத்தி வெயிலுக்குக் கையைக் குடையாகப் பிடித்திருந்தாள். பெயர் சொல்லமாட்டேன். குழு கூடி, விதி முடிந்து, அந்தத் தாள் லோரியில் ஏறாமல் இருந்தால், என்றைக்காவது முறைப்படி கேட்டு நீ அதைப் பார்த்து வந்து எனக்கு வாசித்துக் காட்டு. எத்தனை பேரைச் சரியாக வைத்திருந்தேன், எத்தனை பேரை மாற்றி வைத்திருந்தேன் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும் அம்மா. சீக்கிரம் வந்தால் நல்லது.

ஜைனல் பாய் உனக்கும் மாப்பிள்ளைக்கும் பெருநாள் வாழ்த்துச் சொல்கிறார். பலகாரம் அனுப்புவார். நீ எந்த ஆபீசில், எந்த மேசையில் உட்கார்ந்திருந்தாலும் உன் கைக்கு ஒரு கெடுதலும் வராமல் முனியாண்டி காப்பார். நன்றாக இரு.

இடது பெருவிரல் வைத்து,
உன் அப்பா,
பரஞ்சோதி.